திருமண மேடையில் ஒலிக்கும் அந்த ஆங்கிலப் பாட்டின் பொருள் என்ன? கிளாசிக் ராக் பாடல்கள் ஒரு பார்வை

கோலாலம்பூரிலோ ஈப்போவிலோ திருமண விருந்து ஒன்றுக்குப் போயிருப்பீர்கள். வாழ்த்துரைகள் முடிந்து, கேக் வெட்டி, சாப்பாடு பரிமாறத் தொடங்கும் நேரத்தில், மேடையில் இருக்கும் இசைக்குழு தமிழ்ப் பாடல்களுக்கு இடையே ஒன்றிரண்டு பழைய ஆங்கிலப் பாடல்களையும் எடுத்துவிடும். அப்படி ஒலிக்கக் கூடியவற்றுள் ஒன்று ‘தி போலிஸ்’ குழுவின் ‘எவ்ரி பிரெத் யூ டேக்’. நிதானமான தாளம், இதமான கித்தார். மாப்பிள்ளை மணப்பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்வார். படம் எடுப்பவர் முன்னால் ஓடி வருவார்.

உண்மையில் அது காதல் பாட்டு அல்ல. தன்னை விட்டுப் பிரிந்து போய்விட்ட பெண்ணின் ஒவ்வோர் அசைவையும் விடாமல் கண்காணித்துக்கொண்டே இருப்பேன் என்று ஒருவன் சொல்லும் பாட்டு. அவள் இன்னும் தனக்குத்தான் சொந்தம் என்று அவன் நினைக்கிறான். அவள் என்ன நினைக்கிறாள் என்பது பாட்டில் எங்குமே இல்லை.

இந்தப் பாடலை எழுதிய ஸ்டிங், 1982-இல் தம் முதல் திருமணம் முறிந்துகொண்டிருந்த வேளையில் ஜமைக்காவில் தங்கியிருந்தார். நள்ளிரவில் விழித்தெழுந்து பியானோவில் அமர்ந்து அரைமணி நேரத்தில் எழுதி முடித்ததாகச் சொல்லியிருக்கிறார். கண்காணிப்பும் கட்டுப்பாடுமே தம் மனத்தில் இருந்ததாகவும் பேட்டிகளில் விளக்கியிருக்கிறார். தங்கள் திருமணத்தில் இதைத்தான் இசைத்தோம் என்று ஒரு தம்பதியர் அவரிடம் பெருமையாகச் சொன்னபோது, நல்லா இருங்கள் என்று மனத்துக்குள் நினைத்துக்கொண்டாராம்.

பாடல் 1983-இல் வெளிவந்தது. அமெரிக்கத் தரவரிசையில் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. அமெரிக்க வானொலியில் மிக அதிகமாக ஒலித்த பாடல் என்று, பாடல் உரிமைத் தொகையைக் கவனிக்கும் பி.எம்.ஐ. நிறுவனம் 2019-இல் அறிவித்தது. ஏறக்குறைய 1 கோடியே 50 லட்சம் தடவை. இத்தனை தடவை கேட்டும் ஏன் பலருக்கும் பிடிபடவில்லை?

காரணம் இசையில் இருக்கிறது. ஆண்டி சம்மர்ஸின் கித்தார் ஒரே சீராக நடந்துகொண்டிருக்கிறது. எந்த இடத்திலும் கோபமோ மிரட்டலோ இல்லை. மெட்டைக் கேட்டு மனம் இளகிய பிறகு, வரியைக் கவனிக்க யாருக்கும் தோன்றுவதில்லை. இன்னொன்று, “நீ என்ன செய்தாலும் நான் பார்த்துக்கொண்டிருப்பேன்” என்ற கருத்து இருபக்கமும் திரும்பும். தாய் சொன்னால் அன்பு. பிரிந்து போன காதலன் சொன்னால் அச்சுறுத்தல். எனவே முதலில் கேட்க வேண்டியது, பேசுவது யார், யாரிடம் பேசுகிறான் என்பதுதான்.

தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. அகப்பாடலைப் படிக்கும்போது, இது தலைவி கூற்றா, தோழி கூற்றா, செவிலி கூற்றா என்றுதான் முதலில் பார்க்கிறோம். புலவர் வேறு, பாட்டில் பேசும் ஆள் வேறு. ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்று பெயரிட்டுத் தனியே பிரித்து வைத்தவர்கள் நம் முன்னோர். ராக் பாடலை மட்டும் பாடுபவரின் சொந்த வாக்குமூலமாகவே எடுத்துக்கொள்கிறோம்.

ஒரு தகவலுக்காக: விடாமல் பின்தொடர்ந்து தொல்லை தருவது மலேசியாவில் 2023 மே 31 முதல் தண்டனைச் சட்டத்தின் 507ஏ பிரிவின் கீழ்க் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை விதிக்கலாம். சிங்கப்பூரில் 2014-ஆம் ஆண்டின் தொல்லைத் தடுப்புச் சட்டம் இதைக் குற்றமாக்கியது. பாட்டில் வருபவன் இன்று நம் ஊரில் இருந்தால், அவனைப் பற்றிப் போலீசில் புகார் கொடுக்கலாம்.

இதே பாட்டுக்கு இன்னொரு பிறவியும் உண்டு. 1997-இல் ராப் பாடகர் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. சுட்டுக் கொல்லப்பட்டபோது, அவருடைய நண்பர் பஃப் டாடி அதே கித்தார் இசையை எடுத்து அஞ்சலிப் பாடலாக்கினார். அதுவும் முதலிடம் பிடித்தது. ஒரே இசை ஒரு தலைமுறைக்குக் காதலாகவும் அடுத்த தலைமுறைக்கு இரங்கலாகவும் கேட்டது. எழுதியவருக்கோ இரண்டும் இல்லை.

திருமண மேடைகளுக்கு ஏற்றதாகக் கருதப்படும் இன்னொரு பாட்டு எரிக் கிளாப்டனின் ‘வொண்டர்புல் டுநைட்’. 1976 செப்டம்பரில் ஒரு விருந்துக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில், பேட்டி பாய்ட் உடை மாற்றி வரத் தாமதமாக, காத்திருந்த எரிச்சலில் கித்தாரை எடுத்து எழுதியது. இது காதல் பாட்டுத்தான், ஐயமில்லை. ஆனால் கடைசிப் பகுதியைக் கவனித்தால், தலைவலியோடு இருக்கும் ஆண் கார்ச் சாவியைப் பெண்ணிடம் கொடுக்கிறான், அவள்தான் அவனைப் படுக்கை வரை கொண்டு சேர்க்கிறாள். கிளாப்டன் அந்நாளில் கடும் குடிப்பழக்கத்தில் இருந்தவர். இருவரும் 1979-இல் மணந்து 1989-இல் மணவிலக்குப் பெற்றார்கள். இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் அந்தக் கடைசிப் பகுதி வேறு மாதிரிக் கேட்கும்.

வரிகளைப் படிக்கத் தொடங்கிய காலம்

‘கிளாசிக் ராக்’ என்பது இசைக் கலைஞர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் அல்ல. 1960-களின் நடுப்பகுதியிலிருந்து 1980-கள் வரை வந்த ராக் பாடல்களை மட்டும் ஒலிபரப்பிய அமெரிக்கப் பண்பலை வானொலிகள் 1980-களில் பரப்பிய பெயர். அதற்கு முந்திய 1950-களின் ராக் அண்ட் ரோல் பெரும்பாலும் ஆடுவதற்கான இசை. வரிக்கு அவ்வளவு முக்கியத்துவம் இல்லை. பாப் டிலன் வந்த பிறகு அது மாறியது. அவருக்கு 2016-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசே கிடைத்தது.

1967-இல் பீட்டில்ஸ் வெளியிட்ட ‘சார்ஜண்ட் பெப்பர்ஸ்’ இசைத்தட்டு உறையின் பின்புறத்தில் எல்லாப் பாடல்களின் வரிகளும் முழுமையாக அச்சிடப்பட்டிருந்தன. கேட்பவர் கையில் எழுத்து வந்துவிட்டது. திரையரங்க வாசலில் பாட்டுப் புத்தகம் வாங்கிப் படித்து வளர்ந்த நமக்கு அதன் அருமை புரியும். நம் ஊரில் பலருக்கும் இந்தப் பாடல்கள் வந்து சேர்ந்தது இரவுச் சந்தையில் வாங்கிய கேசட்டுகளில்தான். அவற்றில் வரித்தாள் இருக்காது. காதில் விழுந்ததை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடியவர்கள் உண்டு. பாதிச் சொற்கள் தவறு. மெட்டு மட்டும் பிசகாது.

கொடியை ஆட்டிக்கொண்டு பாடிய பாட்டு

தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதில் முதலிடம் கொடுப்பதென்றால் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘போர்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ பாட்டுக்குத்தான் கொடுக்க வேண்டும். 1984-இல் வந்தது. தலைப்பு நாட்டின் பெயரைச் சொல்கிறது. மேக்ஸ் வைன்பெர்க்கின் டிரம்ஸ் பீரங்கி போல வெடிக்கிறது. ராய் பிட்டனின் சிந்தசைசர் ஒரே சிறு இசைத்துண்டை வெற்றி முழக்கம் போல திரும்பத் திரும்ப வாசிக்கிறது. ஸ்பிரிங்ஸ்டீன் தொண்டை கிழியப் பாடுகிறார். விளையாட்டு அரங்கில் கொடி ஆட்டுவதற்கென்றே செய்தது போல இருக்கும்.

கதை என்னவென்றால், வளர்ச்சி இல்லாத சிற்றூரில் பிறந்த ஓர் ஏழைத் தொழிலாளி மகன். சிறு சிக்கல் ஒன்றில் மாட்டிக்கொள்கிறான். அவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து வியட்நாமுக்கு அனுப்புகிறார்கள். திரும்பி வந்து எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை கேட்கிறான், கிடைக்கவில்லை. முன்னாள் படைவீரர்களுக்கு உதவ வேண்டிய அதிகாரியிடம் போகிறான், அவரும் கைவிரிக்கிறார். 1968-இல் பெரும் முற்றுகை நடந்த கேசான் பகுதியில் அவன் சகோதரன் மடிந்து போனான். பத்து ஆண்டு கழித்தும் போக்கிடம் இல்லாமல் நிற்கிறான். அப்படிப்பட்டவன்தான் “நான் இந்த நாட்டில் பிறந்தவன்” என்று கத்துகிறான். அது பெருமிதம் மட்டும் அல்ல. இங்கேயே பிறந்த எனக்கு இதுதானா கதி என்ற முறையீடு.

பிறந்த நாட்டில் தனக்கு இடமில்லையா என்று கேட்பவனின் குரல் எப்படியிருக்கும் என்பதை நம் தோட்டப்புற மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பாட்டு அமெரிக்கத் தொழிலாளியைப் பற்றியது. அதை நம் கதையாக்கிக்கொள்ளாமல், அவன் கதையாகவே கேட்பதுதான் நியாயம்.

1984 அமெரிக்கத் தேர்தல் ஆண்டு. செப்டம்பர் 19-ஆம் நாள் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஹாமன்டன் நகரில் பிரசாரம் செய்த அதிபர் ரொனால்ட் ரீகன், அம்மாநிலத்துப் பிள்ளையான ஸ்பிரிங்ஸ்டீனின் பாடல்களில் நம்பிக்கைச் செய்தி இருப்பதாகப் புகழ்ந்தார். இரண்டு நாள் கழித்துப் பிட்ஸ்பர்க் மேடையில் ஸ்பிரிங்ஸ்டீன் அதற்குப் பதில் கொடுத்தார். அதிபருக்குப் பிடித்த என் இசைத்தொகுப்பு எதுவாக இருக்கும் என்று யோசிக்கிறேன், ‘நெப்ராஸ்கா’வாக இருக்காது என்ற பொருளில் பேசிவிட்டு, ஆலை மூடப்பட்டதால் வேலையிழந்து குற்றவாளியாகும் ஒருவனைப் பற்றிய பாட்டைப் பாடினார்.

ரீகனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் குழப்பத்தைப் பாட்டே உண்டாக்குகிறது. இதன் முதல் வடிவத்தை 1982 தொடக்கத்தில் ஸ்பிரிங்ஸ்டீன் தம் வீட்டில் தனிக் கித்தாரோடு பதிவு செய்தார். அதைக் கேட்டால் யாருக்கும் கொடி ஆட்டத் தோன்றாது. அதே வரிகளைக் குழுவோடு சேர்ந்து முழக்கமாக்கியபோதுதான் உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்தது. 1990-களின் நடுவில் மீண்டும் தனிக் கித்தாருடன் பாடத் தொடங்கினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். சொல் மாறவில்லை, பாட்டு மாறிவிடுகிறது. என்னைக் கேட்டால், முழக்கமான வடிவமே சிறந்தது. முறையிடுபவன் மெதுவாகத்தான் பேச வேண்டும் என்று என்ன கட்டாயம்?

அந்த ஹோட்டல் எங்கே இருக்கிறது?

எங்கும் இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு 1976 டிசம்பரிலிருந்து ஆள் ஆளுக்கு ஒரு பதில் சொல்லி வருகிறார்கள். ஈகிள்ஸ் குழுவின் ‘ஹோட்டல் கலிபோர்னியா’ பாட்டில், பாலைவனச் சாலையில் இரவில் களைத்து வரும் ஒருவன் தொலைவில் விளக்கு கண்டு ஒரு விடுதியில் நுழைகிறான். வாசலில் ஒரு பெண். உள்ளே ஆட்டமும் குடியும் உயர்ந்த வாழ்வும். கடைசியில் வெளியேற நினைக்கும்போது, அங்கிருந்து யாரும் போக முடியாது என்று தெரிகிறது.

சாத்தானை வழிபடும் கூட்டம் என்றனர் சிலர். மனநல மருத்துவமனை என்றனர் சிலர். போதைப்பொருள் பழக்கம் என்றனர் வேறு சிலர். மெக்சிகோவின் டோடோஸ் சான்டோஸ் ஊரில் அதே பெயரில் ஒரு விடுதி இருக்கிறது. பாட்டோடு தொடர்பு இருப்பதாகக் காட்டிக்கொள்கிறது என்று ஈகிள்ஸ் குழு 2017-இல் அதன்மேல் வழக்கே போட்டு, அடுத்த ஆண்டு சமரசத்தில் முடித்துக்கொண்டது. உறையில் இருக்கும் கட்டடம் பெவர்லி ஹில்ஸ் ஹோட்டல்.

இந்தப் பாட்டுக்கு முதலில் பிறந்தது இசைதான். கித்தார் வாசிப்பவரான டான் பெல்டர், மாலிபு கடற்கரையில் வாடகை வீட்டில் இருந்தபோது அதை உருவாக்கி நாடாவில் பதிந்து கொடுத்தார். பெயர் இல்லாத அந்த இசையைக் குழுவினர் தமக்குள் ‘மெக்சிகன் ரெகே’ என்று சொல்லிக்கொண்டார்கள். டான் ஹென்லியும் கிளென் பிரையும் அதற்கு வரிகள் அமைத்தார்கள். ஹென்லி டெக்சாஸ்காரர், பிரை டெட்ராய்ட், பெல்டர் புளோரிடா, பாஸ் வாசித்த ராண்டி மைஸ்னர் நெப்ராஸ்கா. கலிபோர்னியாவின் அடையாளமாக உலகம் நினைக்கும் குழுவில், இந்தப் பாட்டைப் பதிவு செய்தபோது இருந்தவர்களில் ஒருவர்கூடக் கலிபோர்னியாவில் பிறந்தவர் இல்லை. எல்லோரும் பிழைப்பும் புகழும் தேடி வந்தவர்கள். வந்தார்கள், கிடைத்தது. கிடைத்த பிறகு என்ன ஆனது என்பதுதான் பாட்டு. அறியாமையில் தொடங்கி அனுபவத்தில் முடியும் பயணம், அமெரிக்கக் கனவின் இருண்ட பக்கம் என்று ஹென்லி பல தடவை விளக்கம் கொடுத்திருக்கிறார்.

பாட்டில் ஒருவர் ஒயின் கேட்கிறார். ‘ஸ்பிரிட்’ இங்கே 1969-க்குப் பிறகு இல்லை என்று பதில் வருகிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் காய்ச்சி வடித்த மது என்றும் பொருள், ஆன்ம உணர்வு, உத்வேகம் என்றும் பொருள். ஒயின் அந்த வகை மதுவே இல்லையே என்று ஒரு செய்தியாளர் ஹென்லியிடம் குறை கேட்டார். இது மதுவகை பற்றிய பேச்சு அல்ல என்பதே அவர் பதில். நம் மொழியின் சிலேடை போன்றதுதான். 1969 என்பது உட்ஸ்டாக் இசைவிழா நடந்த ஆண்டு. அமைதியும் அன்பும் பேசிய இளைஞர் அலை உச்சத்தில் இருந்த ஆண்டு. ஏழே ஆண்டில் அந்த அலை காசாகவும் போதையாகவும் மாறிவிட்டது என்ற கசப்பு அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

சஞ்சிக்கூலியாக வந்து, ஊர் திரும்ப நினைத்தும் திரும்ப முடியாமல் ரப்பர் மரத்தடியிலேயே முடிந்து போன தாத்தாக்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவருக்கு, வெளியேற முடியாத அந்த விடுதி வேறு எதையோ நினைவூட்டலாம். எழுதியவர் நினைத்தது அது அல்ல. ஆனால் ஊரும் ஆண்டும் தெரியாத ஒரு வாசலைத் திறந்து வைத்தால், உள்ளே வருபவர் தம் மூட்டையோடுதான் வருவார். அமெரிக்காவில் மட்டும் இந்த இசைத்தொகுப்பின் விற்பனை 2 கோடியே 60 லட்சம் என்று 2018-இல் சான்றளிக்கப்பட்டது.

பாட்டின் இறுதியில் பெல்டரும் ஜோ வால்ஷும் மாறி மாறி வாசித்துப் பிறகு இணையும் கித்தார் பகுதி ஏறக்குறைய இரண்டு நிமிடம். வரி ஒன்றும் இல்லை. கதையில் சிக்கியவன் தப்பித்தானா இல்லையா என்று வார்த்தையில் சொல்லாமல் விட்டுவிட்டு, அந்த இடத்தைக் கித்தாரிடம் கொடுத்துவிட்டார்கள். கித்தார் கற்கும் எத்தனையோ இளைஞர்கள் இந்தப் பகுதியில்தான் விரல் தேய்த்திருக்கிறார்கள்.

விளக்கம் சொல்ல மறுத்தவர்

எல்லாக் கவிஞரும் ஹென்லி போல விளக்கம் கொடுப்பதில்லை. ‘குவீன்’ குழுவின் பிரெடி மெர்க்குரி, 1975-இல் வந்த ‘பொஹீமியன் ராப்சடி’ பற்றிக் கேட்டவர்களிடம், கேட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்றே சொல்லி வந்தார். 1991-இல் மறையும் வரை அப்படித்தான். பாரூக் புல்சாரா என்ற இயற்பெயருடன் சான்சிபாரில் பார்சி பெற்றோருக்குப் பிறந்து, மகாராஷ்டிராவின் பஞ்ச்கனியில் விடுதிப் பள்ளியில் படித்தவர் அவர். ஒருவனைக் கொன்றுவிட்டதாகத் தாயிடம் சொல்லும் இளைஞன், நடுவில் ஓபரா நாடகம், அதில் ‘பிஸ்மில்லா’ என்ற சொல் என்று ஆறு நிமிடத்துக்குள் பாட்டு எங்கெங்கோ போகிறது.

2004-இல் ஈரானில் அதிகாரிகளின் அனுமதியோடு குவீன் பாடல்களின் கேசட் வெளியானது. அதில் பாரசீக மொழியில் விளக்கத்தாள் ஒன்றும் இருந்தது. தவறுதலாகக் கொலை செய்து, ஆன்மாவைச் சாத்தானிடம் விற்றுவிட்ட இளைஞன், தூக்குக்கு முந்திய இரவில் இறைவனை அழைத்து ஆன்மாவை மீட்டுக்கொள்கிறான் என்பது அந்த விளக்கம். மெர்க்குரி இருந்திருந்தால் மறுத்திருப்பாரா, சிரித்திருப்பாரா? கேட்டு முடிவு செய்யுங்கள் என்றவர் அவர்தானே.

பக்கத்தில் இல்லாதவருக்காக

பின்னணி தெரியாவிட்டாலும் மனத்தைத் தொடும், தெரிந்தால் இன்னும் ஆழமாகத் தொடும் பாட்டுக்கு எடுத்துக்காட்டு, பிங்க் புளோய்ட் குழுவின் ‘விஷ் யூ வேர் ஹியர்’. நீ இங்கே இருந்தால் நன்றாக இருக்குமே என்பதுதான் தலைப்பு. யாரைப் பிரிந்தவரும் தமக்காக எழுதியதென்று எடுத்துக்கொள்ளலாம்.

அவர்கள் மனத்தில் இருந்தவர்களில் ஒருவர் சிட் பேரட். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர், முதல் பாடலாசிரியர். போதைப்பொருளாலும் மனநலக் குலைவாலும் மேடையில் நிற்க முடியாமல் போக, 1968-இல் குழு அவரை விட்டுவிட்டது. குழு வளர்ந்தது, பெரும் பணம் வந்தது. 1975 ஜூன் 5-ஆம் நாள் லண்டன் அபி ரோட் பதிவுக்கூடத்தில், பேரட்டை நினைத்து எழுதிய வேறொரு பாடலுக்கான வேலையில் குழுவினர் இருந்தபோது, தலையும் புருவமும் மழித்த, உடல் பருத்த ஒருவர் வந்து நின்றார். யாரோ என்று நினைத்தார்கள். சிறிது நேரம் கழித்துத்தான் அது பேரட் என்று தெரிந்தது. கூடத்தில் இருந்தவர்களில் சிலர் கண் கலங்கினார்கள்.

2005 ஜூலை 2-ஆம் நாள் லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த ‘லைவ் 8’ நிகழ்ச்சியில், நீண்ட காலம் பிணக்கில் இருந்த ரோஜர் வாட்டர்ஸும் டேவிட் கில்மோரும் ஒன்றாக நின்று இந்தப் பாட்டைப் பாடினார்கள். இங்கே இல்லாத எல்லாருக்காகவும், குறிப்பாகச் சிட்டுக்காக என்று வாட்டர்ஸ் சொன்னார். அடுத்த ஆண்டு ஜூலையில் பேரட் இறந்தார்.

பாட்டின் தொடக்கத்தைக் கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கார் வானொலியில் யாரோ நிலையம் மாற்றுவது கேட்கும். பிறகு அந்த வானொலியில் இருந்து வருவது போல மெலிந்த ஒலியில் ஒரு கித்தார். சிறிது நேரத்தில் இன்னொரு கித்தார், இது பக்கத்து அறையில் இருப்பது போல தெளிவாக, வானொலியில் கேட்கும் கித்தாரோடு சேர்ந்து வாசிக்கத் தொடங்கும். வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் தொலைவில் வாசிப்பவரோடு சேர்ந்து வாசிப்பது போல. அது தொடங்குவதற்குச் சற்று முன்னால், அந்த அறையில் அவர் இருமுவதும் கேட்கும்.